ஒரே உச்சம், மூன்று விடைகள்: எஃப்எஸ்எல், அஃப்னி, எஸ்பிஎம்

வலது கை விரல்களைத் தட்டச் சொல்லி எடுத்த எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளைச் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன். கையை அசைக்கும் இடது மோட்டார் கார்டெக்ஸுக்கு மாஸ்க் (எந்தப் பகுதிக்குள் தேட வேண்டும் என்று எல்லை போட்ட படம்) தயார். அதற்குள் இசட் மதிப்பு (செயல்பாட்டின் புள்ளியியல் வலு) உச்சத்தில் இருக்கும் வாக்ஸல், அதாவது முப்பரிமாணப் படத்தின் குட்டிக் கட்டம், எது? கேள்வி இவ்வளவுதான். கிண்டியில் ஒரு மே மாத மதியம், ஏசி ஓடாத அறையில், ஜூனியர் பையன் ஒருவன் மூளைப் படங்களை அலசும் மூன்று மென்பொருள்களிலிருந்து மூன்று விடைகளோடு வந்து நின்றான்.

"அக்கா, எஃப்எஸ்எல்ல 64, 51, 64. எஸ்பிஎம்ல மைனஸ் 38, மைனஸ் 24, 56. அஃப்னில மைனஸே இல்ல, 38, 24, 56. எது சரி?"

மூன்றும் சரி. மூன்றும் ஒரே இடம்தான். எஃப்எஸ்எல்லின் எஃப்எஸ்எல்ஸ்டாட்ஸ் கட்டளையில் எக்ஸ் ஆப்ஷன் தருவது மில்லிமீட்டர் அல்ல, 0-இலிருந்து எண்ணிய வாக்ஸல் எண். எல்லோர் மூளையையும் பொருத்திப் பார்க்கும் பொது வார்ப்பான 2 மி.மீ. எம்என்ஐ டெம்ப்ளேட்டில் ஆதிப்புள்ளி 45, 63, 36. 64-இல் 45 போனால் 19, இரண்டால் பெருக்கினால் 38. இடப்பக்கம் என்பதால் மைனஸ். மற்ற இரண்டும் இதே கணக்கு. (மேட்லாபில் எண்ணிக்கை 1-இலிருந்து தொடங்கும். அதை மறந்தால் ஒவ்வொரு அச்சிலும் 2 மி.மீ. தள்ளிப்போகும்.) அஃப்னியின் 3டிகிளஸ்ட் கட்டளை, வேறு வழக்கம் சொல்லாவிட்டால், இடப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிளஸ்ஸாக எழுதும். அதைப் பார்க்காமல் அட்டவணையில் ஏற்றினால் இடது மூளை வலதாகிவிடும்.

வேகத்தில் எஃப்எஸ்எல்ஸ்டாட்ஸை அடிக்க ஆளில்லை. 20 பேருக்கு ஒரு லூப், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் மாஸ்க்குக்கான கே ஆப்ஷனை எக்ஸுக்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் முழுப் படத்தின் உச்சத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. பறங்கிமலையின் சரிவில் பாதியில் கோடு கிழித்து, அதற்குக் கீழே உள்ள பகுதியில் உயரமான இடம் எது என்று கேளுங்கள். கோட்டின் மேலேயே ஒரு புள்ளி கிடைக்கும். அது உச்சி அல்ல, உச்சிக்குப் போகிற வழி. மாஸ்க்குக்குள் பெரிய எண்ணை மட்டும் தேடினால், எஃப்எஸ்எல்ஸ்டாட்ஸோ பைத்தானில் நம்பையின் ஆர்க்மேக்ஸோ, இப்படித்தான் ஆகும். பக்கத்துப் பகுதியின் செயல்பாடு, படத்தை மங்கலாக்கிச் சீராக்கும் ஸ்மூத்திங்கில் வழிந்து வந்து நம் எல்லையில் உச்சம்போல நிற்கும்.

அதனால் நான் மாஸ்க் போடாத படத்திலேயே உள்ளூர் உச்சங்களை, அதாவது சுற்றியுள்ள வாக்ஸல்களைவிட உயர்ந்து நிற்பவற்றை, தேடுவேன். அஃப்னியில் 3டிஎக்ஸ்ட்ரீமா, எஃப்எஸ்எல்லில் கிளஸ்டர். அப்புறம்தான் எவை மாஸ்க்குக்குள் விழுகின்றன என்று பார்ப்பேன். ஒன்றுமே விழவில்லையா? அந்த நபருக்கு அங்கே உச்சம் இல்லை என்றே எழுதுவேன்.

எஸ்பிஎம் ஒவ்வொரு கிளஸ்டருக்கும் (ஒட்டிக் கிடக்கும் வாக்ஸல் கூட்டம்) 8 மி.மீ.க்கு மேல் இடைவெளியுள்ள மூன்று உச்சங்கள்வரை தானாகவே காட்டும். 20 பேருக்கும் கிளிக் செய்து உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் முழு மூளைக்கு அல்லாமல் மாஸ்க்குக்குள் இருக்கும் வாக்ஸல்களுக்கு மட்டும் திருத்திய பி மதிப்பு (புள்ளியியல் நம்பகத்தைச் சொல்லும் எண்) வேண்டுமென்றால், அதன் ஸ்மால் வால்யூம் கரெக்ஷன்தான் கைகொடுக்கும்.

உச்சத்துக்குப் பதில் ஈர்ப்பு மையத்தை, அதாவது செயல்பாட்டின் சராசரி இடத்தை, எடுக்கலாமே என்பார்கள். ஆடாமல் நிற்கும், உண்மைதான். ஆனால் வளைந்த பகுதியில் அது செயல்பாடே இல்லாத வெள்ளைப் பொருளில் (நரம்பு இழைகள் ஓடும் உட்பகுதி) போய் விழும். எங்கள் ஜூனியர் பையன் கொண்டுவந்த படத்தில் அப்படித்தான் விழுந்தது.