பாலம் மாற்றும்போது வரத்துக்கால் தப்புமா: மண் மாற்றுப்பாதையும் பாதிப் பாதிக் கட்டுமானமும்

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் மேல் இருந்த பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை வந்தது. எப்படிக் கட்டுவது என்பதில், அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களான எங்களையும் கேட்டார்கள். பக்கத்தில் மண்ணைக் கொட்டி மாற்றுப்பாதை போட்டுவிட்டுப் பாலத்தை மொத்தமாக இடிப்பது ஒரு வழி. சாலையின் ஒரு பாதியில் வண்டியை விட்டுக்கொண்டே மறு பாதியில் கட்டுவது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதைக் கேட்டோம், அப்படியே நடந்தது. நான் இப்போதும் அந்தப் பக்கம்தான். இந்தக் கேள்வி வரும் மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

எங்கள் செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு, சருகணியாறு எல்லாம் மழை பெய்தால் ஓடும், நின்றால் மணலாகிவிடும். ஓடுகிற சில நாளில் வரும் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்குத்தான் கண்மாயும் ஊரணியும். ஒரு கண்மாய் நிறைந்து, மிகுந்த தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால்தான் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர். ஆகவே நடுவில் ஒரு பாலத்தடியில் வரத்து அடைபட்டால் பாதிப்பு அந்த ஊரோடு நிற்காது, கீழே இருக்கிற ஊர்களும் காயும்.

சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. ஆற்றுப் படுகைகளும், குடிநீருக்கென்று வெட்டிய குளங்களும்கூட அதில் வராது. நாணலும் கோரையும் கொக்கும் நாரையும் நிறைந்து எங்கள் கண்ணுக்கு முழு ஈரநிலமாகத் தெரியும் கண்மாய், அந்த விதியின் கணக்கில் இல்லை. அதனால் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறார்கள், களத்தில் யார் நின்று பார்க்கிறார்கள் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

முதலில் மண் மாற்றுப்பாதை. இதன் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: செலவு குறைவு, வேலை ஒரே மூச்சில் முடியும், பேருந்து நிற்காது, பொறியாளருக்கும் தலைவலி இல்லை. வரத்துக்காலின் குறுக்கே இரண்டு மூன்று சிமெண்டுக் குழாயைப் போட்டு, மேலே கிராவல் மண்ணைக் கொட்டி அமுக்கிவிட்டால் பாதை தயார். கோடை முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர் வராத காலில் இதனால் என்ன கெட்டுவிடும் என்றுதான் தோன்றும்.

இரண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால் விவரம் புரியும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் இரண்டு போட்டால் தண்ணீர் போகிற வாய் மொத்தம் 0.57 சதுர மீட்டர். 3 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள பாலக்கண்ணின், அதாவது பாலத்தடியில் தண்ணீர் போகும் திறப்பின், வாய் 4.5 சதுர மீட்டர். எட்டில் ஒரு பங்குக்கு அந்தக் காலைச் சுருக்கிவிட்டோம். ஆவணியிலேயே ஒரு நல்ல இடிமழை பெய்துவிட்டால் குழாய் வாயில் முள்ளும் சருகும் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் மண்ணுக்கு மேலே ஏறும், பாதையோடு சேர்த்து மண்ணை வாரிக்கொண்டு கண்மாய்க்குள் போகும்.

அடுத்தது மண்ணின் அளவு. பள்ளமான இடம் 30 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 5 மீட்டர் அகலம், உயரம் ஒன்றரை மீட்டர், பக்கங்களில் ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவு, அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் வெளியே. ஏறக்குறைய 325 கன மீட்டர் மண், நூறு கன அடி ஒரு யூனிட் என்கிற நம் கணக்கில் 115 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கிற டிப்பரில் நாற்பது நடை. அவ்வளவு மண்ணும் வரத்துக்காலுக்குள்ளேயே கிடக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த நாற்பது நடைதான். கொண்டுவந்து கொட்டுவதை எல்லோரும் செய்வார்கள். திரும்ப அள்ளுவதை யார் செய்வார்கள்?

பக்கத்து ஊர் ஒன்றில் நாங்கள் பார்த்தது இது. பாலம் முடிந்து வண்டிகள் ஓட ஆரம்பித்ததும் ஜேசிபி ஒரு நாள் வந்தது. குழாய்களை மட்டும் பத்திரமாகப் பிடுங்கிக்கொண்டார்கள், அவை அடுத்த வேலைக்கு ஆகும். மண்ணை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு நடுவில் ஒரு வழி வெட்டிவிட்டுப் போனார்கள். "அள்ளிருவோம்ணே, மழைக்கு முந்தி வந்து சுத்தமா எடுத்துருவோம்" என்று மேஸ்திரி சொன்னார். அவர் மனதில் கள்ளம் இல்லை, ஆனால் அவர் அடுத்த ஊர் வேலைக்குப் போய்விட்டார். ஐப்பசி மழையில் ஒதுக்கிய மண் கரைந்து காலுக்குள்ளேயே படிந்தது. செம்மண்ணின் மணல் பாலத்துக்குக் கீழேயே தங்கியது, நைசான களி மண் கண்மாய் வரை போய், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கு முன்னால் சேறானது.

இந்தப் பக்கத்துத் தரை மிகவும் சமமானது. வரத்துக்கால் பல ஃபர்லாங்கு தூரம் ஓடியும் கொஞ்சம்தான் இறங்கும். அப்படிப்பட்ட காலில் தரை ஒரு அடி உயர்ந்தால், சின்ன மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் மேலேயே தேங்கிப் புஞ்சைக் காட்டில் பரவிவிடும். பெருமழை வந்தால்தான் கண்மாய் தண்ணீரைப் பார்க்கும். நமக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சின்ன மழைகளை இழந்தால் நிறைய வேண்டிய கண்மாய் அரைக் கண்மாயாக நிற்கும்.

யார் மேல் குற்றம் என்று தேடினால் ஆள் கிடைக்காது. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ ஊராட்சி ஒன்றியத்தினுடையதாகவோ இருக்கும். கண்மாய், நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஒன்றியம். பாலம் கட்டியவர்களைப் பொறுத்தவரை பாலம் திறந்த நாளோடு வேலை முடிந்தது. கால் தூர்ந்தது தெரியவரும்போது புரட்டாசி ஐப்பசி ஆகியிருக்கும், அப்போது உள்ளே இறங்கி அள்ள முடியாது. ஒரு பருவம் போய்விடும். மாற்றுப்பாதையின் குறை அதைப் போடும் முறையில் இல்லை. அதை எடுப்பதற்கு யாருக்கும் அவசரம் இல்லை என்பதில்தான் இருக்கிறது.

இனி பாதிப் பாதியாகக் கட்டுவது. சாலை ஏழு மீட்டர் அகலம் என்றால், மூன்றரை மீட்டரை வண்டிக்கு விட்டுவிட்டு மீதியை இடிக்கிறார்கள். நடுவில் சாலை மண் சரியாமல் இருக்க மணல் மூட்டை அடுக்கி, இரும்புத் தகடு வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதியில் அடித்தளம், சுவர், மேல்தளம் முடித்து, இரண்டாவது பாதியோடு இணைக்கக் கம்பியை நீட்டி விட்டுவைப்பார்கள். கான்கிரீட் பலம் பிடித்ததும் வண்டியை அதன் மேல் திருப்பிவிட்டு மறு பாதியை இடிக்கலாம்.

இதில் தண்ணீருக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிது: வேலை முழுவதும் பழைய பாலம் இருந்த இடத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வரத்துக்காலின் மற்ற இடத்தில் ஒரு கூடை மண்கூடக் கொட்டத் தேவையில்லை. கொட்டாததை அள்ளவும் வேண்டாம். காலில் கசிவு ஓடினால் மேலே சின்னதாக மூட்டை அணை கட்டி, வேலை நடக்கும் இடத்தைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் குழாயில் விட்டுவிடலாம். கரையோர நாணலும் தாழம்புதரும் அப்படியே நிற்கும். மாற்றுப்பாதைக்கு முதல் பலி அவைதான், அவை போனால் கரை அரிக்கும்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. செலவு கூடும்: கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் ஷட்டரிங் இரண்டு முறை, கான்கிரீட் இரண்டு முறை, கொடி பிடிக்க ஆள், இரவு விளக்கு. நாளும் கூடும், அதனால் தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம் போன கையோடு தொடங்கினால்தான் ஆவணிக்குள் கை கழுவ முடியும். இரண்டு பாதியும் சேரும் இடத்தைச் சரியாகக் கட்டாவிட்டால் அங்கே கசியும். பழைய பாலம் கற்சுவர் மேல் கான்கிரீட் தளம் போட்டதாக இருந்தால் பாதியாக வெட்டலாம். செங்கல் வளைவுப் பாலம் என்றால் வேண்டாம், ஒரு பக்கச் சுவரை எடுத்தால் உள்ளே நிரப்பிய மண் சரிந்துவிடும். சாலை ஐந்து மீட்டருக்கும் குறைவாக இருந்தாலும் இது நடக்காது.

மூன்றாவதாக, சாலையையே மூடிவிட்டு வண்டிகளை வேறு ஊர் வழியாகத் திருப்பிவிடுவது. தண்ணீர் ஒன்றை மட்டும் பார்த்தால் இதுதான் மிகச் சிறந்தது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பெட்டிகளைக் கிரேனில் இறக்கினால் வேலையும் வேகமாக முடியும், களத்தில் சிமெண்டுக் கலவையே அதிகம் இருக்காது. ஆனால் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்த ஒரு சாலைதான் என்கிற ஊரில் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வார்த்த பெட்டிகளைப் போட்ட வேலையை நான் அருகிலிருந்து பார்த்ததும் இல்லை. அதனால் அடித்துச் சொல்லவில்லை. அருகில் நல்ல சுற்றுச்சாலை இருக்கிற ஊர்க்காரர்கள் கட்டாயம் யோசிக்கலாம்.

எந்த முறையில் கட்டினாலும் சிமெண்டுத் தண்ணீர் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீரின் காரத்தன்மை பி.ஹெச். 12-ஐத் தாண்டும். தேங்கிய குட்டையில் அதை விட்டால் மீன் பிழைக்காது. நம் ஊர்களில் வரத்துக்கால் சில இடங்களில் குடிதண்ணீர் ஊரணிக்கும் கிளை பிரிந்து போகும் என்பதை வெளியூரிலிருந்து வரும் வேலைக்காரர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். எங்கள் வேலையில் வரத்துக்காலை விட்டுத் தள்ளி ஒரு குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, கழுவுகிற தண்ணீரை எல்லாம் அதில் விடச் சொன்னோம். காய்ந்த பிறகு கட்டியாக எடுத்துவிட்டார்கள். ஷட்டரிங் பலகைக்குப் பூசுகிற கழிவு எண்ணெய்க்கும் இதே ஏற்பாடுதான்.

பாலத்தடியில் தண்ணீர் ஓடும் தளத்தின் மட்டத்திலும் அதே கறார் வேண்டும். பழைய பாலத்தை இடிப்பதற்கு முன்னால் அந்தத் தளம் எந்த உயரத்தில் இருந்தது என்பதை அசையாத ஒன்றோடு, உதாரணமாகக் கலுங்குக் கல்லோடு, ஒப்பிட்டுக் குறித்து வைத்துவிட வேண்டும். இடித்த பிறகு சாட்சி இருக்காது. புதுத் தளம் பழைய மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே இருந்தால் மணல் படிந்து இயற்கையான தரை அமையும். உயர்ந்துவிட்டால் கீழ்ப்பக்கம் தண்ணீர் குதித்து விழுந்து குழி பறிக்கும். முதல் மழைப் புதுத் தண்ணீருக்குக் கண்மாயிலிருந்து எதிரேறி வரும் விராலும் கெளுத்தியும் அந்தப் படியில் மோதி நின்றுவிடும். பாலத்துக்குப் பதில் குழாய்களைப் புதைத்து முடித்துவிடுவார்கள் என்றால் அதையும் இதே காரணத்துக்காக மறுக்கலாம், தூர் எடுக்க ஆள் உள்ளே போக முடியாது என்பது கூடுதல் காரணம்.

பறவை தங்கும் கண்மாய் என்றால் இன்னொன்று. வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் அங்கே வந்து கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த மாதிரி இடத்துக்குப் பக்கத்தில் மழைக்காலத்திலும் அதற்கடுத்த மாதங்களிலும் பாறை உடைக்கும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. கோடையில் வேலையை வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை தானாகவே தீரும்.

நான் சொன்னதெல்லாம் ஒரு கண், இரண்டு கண் உள்ள சிறுபாலங்களை வைத்துத்தான். மணிமுத்தாறு மாதிரி ஆற்றின் மேல் ஆழமாக அடித்தளம் போட்டுக் கட்டும் பெரிய பாலத்துக்கு இதே தராசைத் தூக்க மாட்டேன். அங்கே பழைய பாலத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே புதிது கட்டுவதுகூட நல்லதாக இருக்கலாம்.

சரி, உங்கள் ஊரில் சாலை குறுகல், மண் பாதையைத் தவிர வழியே இல்லை என்றால்? அப்போது நான்கு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, மண்ணைக் கொட்டுமுன் காலின் தரையில் கெட்டியான விரிப்பு ஒன்றைப் போட வேண்டும். அள்ளும்போது ஜேசிபிக்காரருக்குப் பழைய தரை எது, கொட்டிய மண் எது என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு, தண்ணீர் மோதும் பக்கத்தைச் சும்மா மண்ணாக விடாமல் மணல் மூட்டையாக அடுக்க வேண்டும். மூன்று, அள்ளி முடிக்க ஆவணி கடைசி என்று தேதி வேண்டும். நான்காவது எல்லாவற்றையும்விட முக்கியம்: கால் பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது என்று ஆயக்கட்டுக்காரர்களும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசிப் பில் பாஸ் ஆக வேண்டும். கொட்டுவதற்கு முன் எடுத்த புகைப்படங்களை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.