பழைய பொக்லைனில் சென்சார் கோளாறு: மானிட்டரா, மீட்டரா, ஸ்கேனரா, லேப்டாப்பா?

எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி மிஷின் வந்தாலும் அதற்குப் பெயர் ஹிட்டாச்சிதான். நான் பொக்லைன் என்று எழுதுகிறேன். அதுவும் ஒரு கம்பெனி பெயர்தான், விடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் 20 டன் மிஷின் ஒன்றை வாங்கினேன். இரண்டாவது வாரமே மஞ்சள் விளக்கு எரிந்தது, இன்ஜின் இழுவை குறைந்தது. ஆபரேட்டர் மானிட்டரைப் பார்க்கச் சொன்னார், பக்கத்து சைட்காரர் ஸ்கேனர் போடச் சொன்னார். வந்த மெக்கானிக்கோ எதையும் போட்டுப் பார்க்காமல் "சென்சார் போயிடுச்சுண்ணே, மாத்திடலாம்" என்றார். மாற்றினோம், ஒன்றில்லை, மூன்று. கடைசியில் பார்த்தால் இன்ஜின் பிராக்கெட்டில் உரசி உரசித் தோல் போன ஒரு வயர்! அதனால் மாற்றிப் போட்டுப் பார்க்கும் வைத்தியத்தை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே போவதில்லை. மீதி நான்கைப் பார்ப்போம்.

காசில்லாதது மானிட்டர். கோமாட்சு பிசி200-8 போன்ற மிஷினில் 4-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு 1, 2, 3 என்று தட்டினால் சர்வீஸ் மெனு திறக்கும். பழைய கோளாறுகள் எந்த மணி நேரத்தில் வந்தன என்பதுவரை அங்கே இருக்கும். எலக்ட்ரிகல் பக்கப் பதிவை விற்பவர் அழித்துவிடலாம். மெக்கானிகல் பக்கப் பதிவை அந்த மெனுவில் அழிக்க முடியாது. வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆனால் கோடு, அதாவது மானிட்டர் காட்டும் கோளாறு எண், சொல்வதைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். அதே மிஷினில் சிஏ144 என்றால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் 'ஹை'. இதைப் பார்த்துவிட்டு ரேடியேட்டரைக் கழுவப் போனவர்கள் உண்டு. ஹை என்பது சூடு இல்லை, வோல்டேஜ். இந்த சென்சாரில் சூடு ஏற ஏற ரெஸிஸ்டன்ஸ் குறையும், வோல்டேஜும் இறங்கும். வோல்டேஜ் ஒரேயடியாக உச்சத்தில் நிற்கிறது என்றால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. 'லோ' காட்டும் சிஏ145 வந்தால் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. ஜே1939 என்ற பொது மொழியில் கோளாறைச் சொல்லும் மற்ற மிஷின்களிலும் இதே கதைதான். எதில் கோளாறு என்பதை எஸ்பிஎன் எண் சொல்லும், என்ன வகை என்பதை எஃப்எம்ஐ எண் சொல்லும். எஸ்பிஎன் 110 என்பது கூலன்ட் சூடு, 100 ஆயில் பிரஷர், 157 காமன் ரயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் பொதுக் குழாய்) பிரஷர். கூடவே வரும் எஃப்எம்ஐ எண் 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு. ஆக, கோடு கை காட்டுவது ஒரு சர்க்யூட்டை. அதில் சென்சாரும் உண்டு, வயரும் உண்டு, கனெக்டரும் உண்டு.

அந்த மூன்றில் குற்றவாளி யார் என்று பிரித்துச் சொல்வது மல்டிமீட்டர். சில ஆயிரம் ரூபாய் சமாசாரம், ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். இரண்டு வயர் டெம்பரேச்சர் சென்சாருக்கு மீட்டர்கூட வேண்டாம். சிஏ145 நிற்கிறதா? கனெக்டரைக் கழற்றுங்கள். கோடு 144 ஆக மாறினால் வயரிங் நல்லது, சென்சார்தான் போயிருக்கிறது. மாறாமல் 145 ஆகவே நின்றால் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. வந்திருப்பது 144 என்றால் கழற்றிய கனெக்டரின் இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். 145 ஆக மாறினால் சென்சாரை மாற்றலாம். மூன்று வயர் பிரஷர் சென்சாரில் மட்டும் இந்த வேலையைச் செய்துவிடாதீர்கள்.

அங்கே சாவி போட்டு, கனெக்டரைக் கழற்றி, சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த 5 வோல்ட்டை இரண்டு மூன்று சென்சார்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் படுத்துவிடும். ஒரே நேரத்தில் மூன்று கோடு வந்தால் மூன்று சென்சாரும் சொல்லி வைத்தாற்போல் போயிருக்காது. கூட்டத்தில் சிஏ352 அல்லது சிஏ187 இருந்தால் சப்ளை வோல்டேஜ் விழுந்திருக்கிறது என்று பொருள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சென்சாராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் ஆள். எதைக் கழற்றியும் திரும்பவில்லை என்றால் வயரிங்கைத் தடவ வேண்டியதுதான். என் மிஷின் இந்த ரகம்.

டெஸ்ட் லாம்ப் வைத்து இந்த வயர்களைக் குத்தும் பழக்கம் சில எலக்ட்ரிஷியன்களுக்கு இருக்கிறது. பல்பு இழுக்கும் கரன்ட் இந்த சர்க்யூட்டுக்கு ஆகாது. குத்திய ஓட்டையில் தண்ணீர் இறங்கி, ஆறு மாதம் கழித்து உள்ளே பச்சை பூக்கும்.

மீட்டர் தோற்கும் இடமும் உண்டு. சூடானால் மட்டும் இன்ஜினை நிறுத்திவிடும் ஸ்பீடு சென்சார் ஹால் வகையாக (காந்தத்தை உணரும் எலக்ட்ரானிக் வகை) இருந்தால் ஓம்ஸ் வைத்து ஒன்றும் தெரியாது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் வருகிறதா என்று லைவ் டேட்டாவில், அதாவது சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் அளவுகளில்தான் பார்க்க வேண்டும். அப்புறம், பொய் சொல்லும் சென்சார். பிரஷர் சென்சார் பெரும்பாலும் 0.5 முதல் 4.5 வோல்ட்டுக்குள் பேசும். அந்த எல்லைக்குள் இருந்துகொண்டு தப்பான அளவைச் சொன்னால் பல சமயம் எந்தக் கோடும் வராது. சில விற்பனையாளர்கள் ஹீட் ஆகும் இன்ஜினை மறைக்க, கூலன்ட் சென்சாருக்குப் பதில் ஒரு ரெஸிஸ்டரைச் சொருகி வைப்பதும் இதனால்தான். முள் நடுவிலேயே சமர்த்தாக நிற்கும்.

லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் உண்மையிலேயே உதவுவது இங்கேதான். வெறும் கோடு படிக்க அது தேவையில்லை. கேட்டர்பில்லரின் ஈ.டி. (ET), கம்மின்ஸின் இன்சைட், ஹிட்டாச்சியின் டாக்டர் இசட்எக்ஸ் போன்ற கம்பெனி லேப்டாப்புகள் இன்னும் ஆழம் போகும். ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பார்ப்பது, இன்ஜெக்டர் மாற்றினால் அதற்கான கோடு எண்ணை ஏற்றுவது போன்ற வேலைகளுக்கு அதைக் கூப்பிடுங்கள். ரயில் பிரஷர் குறைவு என்று வந்தாலும் லேப்டாப் வரட்டும், ஆனால் அதற்கு முன் டீசல் ஃபில்டரையும் காற்று இழுக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆயில் பிரஷர் குறைவு என்று வந்தால் லேப்டாப்பையும் நம்பாதீர்கள், அதுவும் அதே சென்சாரைத்தான் கேட்கிறது. கையால் திருகும் கேஜ் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

மிஷின் வாங்கும் முன் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால், ஸ்கேனரோடு விடிகாலையில் போங்கள். ராத்திரி முழுக்க நின்ற மிஷினில் சாவியை மட்டும் போட வேண்டும், ஸ்டார்ட் செய்யக் கூடாது. கூலன்ட், டீசல், உள்ளிழுக்கும் காற்று மூன்றின் சூடும் ஏறக்குறைய ஒரே அளவில், வெளிச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 70 டிகிரி என்றால் ரெஸிஸ்டரைத் தேடுங்கள். ஆயில் பிரஷரும் ரயில் பிரஷரும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கட்டும். பூஸ்ட் சென்சார் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றையும் சேர்த்து முழு அழுத்தத்தைக் காட்டும் வகை என்றால் சமவெளியில் 100 கிலோபாஸ்கல் பக்கம் வரும், ஊட்டி உயரத்தில் 77, 78. இதைத் தவறாகக் காட்டும் சென்சார், கோடே வராவிட்டாலும், கெட்டதுதான்.

இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், அன்றைக்கு டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்புங்கள். அடுத்த முறை சொல்லாமல் போங்கள்.