என்பிடெல்: ஷிப்ட் வேலைக்காரனின் அனுபவம்

ஜூலை பருவத்துக்கு என்பிடெல் ஆன்லைன் பாடத்தில் சேரலாமா என்று முன்பு கூட வேலை பார்த்த நண்பர் கேட்டார். சில வருடங்களாக அதில் படித்து வருகிறேன், போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதிவிடுகிறேன். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது, மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடம் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம் என்பதெல்லாம் தெரிந்ததுதான்.

நான் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். எங்கள் லைனில் கன்ட்ரோல் சார்ட், அதாவது உற்பத்தி சீராகப் போகிறதா என்று அளவுகளைப் புள்ளி வைத்துப் பார்க்கும் படம் போடும்போது, ட்ராயிங்கில் உள்ள டாலரன்ஸையே (ஒரு பீஸின் அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பு) மேல்கோடு, கீழ்கோடாகப் போட்டுவிடுவது நெடுநாள் வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. தரக் கட்டுப்பாட்டுப் பாடத்தில் பேராசிரியர் இதற்கென்றே ஒரு முழு வகுப்பை ஒதுக்கினார். ஐந்தைந்து பீஸாக எடுத்துச் சராசரி போட்டால், சராசரிகளின் சிதறல் தனித்தனி பீஸின் சிதறலில் 2.24-ல் ஒரு பங்குதான் இருக்கும். ரூட் ஐந்து, அவ்வளவுதான் கணக்கு. அந்தச் சராசரிக்கு டாலரன்ஸ் கோட்டைப் போட்டால், பீஸ் கெட ஆரம்பித்த பிறகும் சார்ட் ஒழுங்காகவே காட்டும்.

அடுத்த ஷிப்டில் பழைய தாள்களை எடுத்து, சராசரிகளின் சிதறலை வைத்துக் கோட்டை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். டூல் தேயத் தேயப் புள்ளிகள் மேலே ஏறியது அப்படியே தெரிந்தது. ரிஜெக்‌ஷன் வருவதற்கு வெகு முன்பே ஒரு புள்ளி கோட்டைத் தாண்டி உட்கார்ந்திருந்தது! காசு வாங்காமல் இதைச் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு கும்பிடு.

சரி, சான்றிதழுக்கு வருவோம். 8 வாரப் பாடம் என்றால் வாராவாரம் அசைன்மென்ட். கெடு முடிந்தால் முடிந்ததுதான். அதில் சிறந்த 6-ஐ எடுத்து 25 மதிப்பெண், நேரில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. நேரில் எழுதுவதால்தான் இந்தச் சான்றிதழுக்கு மரியாதை, அதை மறுக்கவில்லை. ஆனால் நைட் ஷிப்ட் வாரத்தில் கெடு வந்தால் என்ன பாடு என்பது எங்களுக்குத்தான் தெரியும். இந்தக் கால அட்டவணை கல்லூரிப் பிள்ளைகளின் செமஸ்டருக்குப் பொருந்துகிறது, பி ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வீடு வருபவனுக்குப் பொருந்தாது.

அதையும் சமாளித்துவிடலாம். கோபமெல்லாம் எங்கள் நிர்வாகத்தின் மேல்தான். தேர்வு சனிக்கிழமை, எங்களுக்கு அது வேலை நாள். லீவு கேட்டால் சொந்த விஷயம் என்று சம்பளத்தைப் பிடித்தார்கள். ஹோட்டலில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டி அனுப்பி, ஆடிட்டுக்காக அதை ட்ரெயினிங் ரெக்கார்டில் ஏற்றுகிறவர்களும் இவர்களேதான். உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி வாங்கிய சான்றிதழை மட்டும் ரெக்கார்டில் ஏற்ற மாட்டார்களாம். லைனில் சார்ட் மாறியதே அந்தப் பாடத்தால்தான் என்று சொல்லியும் பயனில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஷிப்ட் வேலை என்றால் சான்றிதழை நம்பிச் சேராதீர்கள். பாடம் மட்டும் போதும் என்றால் கெடுவைப் பற்றிய கவலையே வேண்டாம், வீடியோக்கள் யூடியூபிலேயே இருக்கின்றன, கம்பெனி பஸ்ஸில் போகும்போது பார்க்கலாம். சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் கிடைக்கிறது, டிப்ளமோ முடித்த தம்பிகளுக்கு அது பெரிய உதவி.

நான் இந்த ஜூலைக்கு அளவியல் பாடத்தில் சேர்ந்துவிட்டேன். தேர்வுக் கட்டணமும் கட்டத்தான் போகிறேன்.