பின்நவீனத்துவமும் சபையும்: மஞ்சக்குப்பத்து சனிக்கிழமை வகுப்பு எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிறிஸ்தவ சபை மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கிற இந்த வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம், முதல் நாளை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். அன்றைக்குப் பெரும்பாலும் பயமுறுத்தல்தான். பின்நவீனத்துவம் என்றால் 'உனக்கு உன் உண்மை, எனக்கு என் உண்மை', அது நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, முடிந்தது. 1979-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோத்தார் எழுதியது பெருங்கதையாடல்கள், அதாவது எல்லாவற்றையும் ஒரே கதையில் விளக்கிவிடுகிற பெரிய சித்தாந்தங்கள், மேல் நம்பிக்கை போய்விட்டது என்பதைப் பற்றி, அதில் மார்க்சியமும் அடக்கம் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது வாரம் வேறொருவர் வந்தார், வகுப்பு சூடு பிடித்தது. அவர் எடுத்துக்கொண்டது இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி லெஸ்லி நியூபிகினை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரைக்குப் பேராயரானவர், அதற்கு முன் காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிஷத்தும் யோவான் சுவிசேஷமும் மாறி மாறிப் படித்தவர். அந்த மடத்துக் கூடத்தில் மகான்களின் படங்களோடு இயேசுவின் படமும் இருந்தது, கிறிஸ்துமஸ் அன்று அதற்கு ஆராதனையும் நடக்கும். ஏற்கெனவே இருக்கிற கதைக்குள் இயேசுவுக்கு ஓர் இடம் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள் என்று நியூபிகினுக்குப் பட்டது. மேற்கத்திய சபையும் அதையேதான் செய்து வந்திருக்கிறது என்பது பிறகுதான் மெல்ல மெல்ல உறைத்தது. இதைச் சொல்லிவிட்டு வகுப்பு எடுத்தவர், இயேசு சொன்ன 'நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்' வசனத்தை வாசித்தார். சத்தியமே ஒரு நபராக வந்திருக்கும்போது அவரைப் பின்பற்றலாம், அவரை மொத்தமாகத் தெரிந்துகொண்டோம் என்று மார்தட்ட முடியாது, அப்போஸ்தலர் பவுலே 'இப்பொழுது நான் குறைந்த அறிவுள்ளவன்' என்றுதானே எழுதினார் என்று அவர் விளக்கியது அவ்வளவு தெளிவு.

அப்புறம் கேள்வி நேரம். ஒரு வாலிபர் எழுந்து, "எங்க ஊர்ச் சபையில சாதிக்கு ஒண்ணா ரெண்டு கல்லறைத் தோட்டம் இருக்கு ஐயா, சத்தியம் ஒண்ணுன்னா அது எப்படி?" என்று கேட்டார். "அது வேற விஷயம் தம்பி, நேரமாச்சு" என்று ஜெபத்துக்குப் போய்விட்டார்கள்.

வேறு விஷயமே இல்லை. உண்மை என்று சொல்லப்படுவதோடு யாருடைய அதிகாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ கேட்டதைத்தான் அந்தத் தம்பி தன் ஊரை வைத்துக் கேட்டார். முழுமையான சத்தியம் உண்டு என்று நான் மனசார நம்புகிறேன், அதனால்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியம் ஆளுக்கு ஆள் மாறும் என்றால் இரண்டு கல்லறைத் தோட்டத்தையும் ஊர் வழக்கம் என்று விட்டுவிடலாம். மாறாது என்றால் அது பாவம், 'நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்' என்கிற கலாத்தியர் 3:28-ஐ வாசித்துவிட்டுத் தெரிந்தே செய்கிற பாவம்.

மற்றபடி கட்டணம் கிடையாது, டீயும் சுண்டலும் உண்டு, அச்சடித்துத் தருகிற குறிப்புகள் நல்ல தமிழில் இருக்கின்றன. மின்விசிறி சத்தத்தில் பின் வரிசைக்குச் சரியாகக் கேட்காது, முன்னால் உட்காருங்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளைக் கட்டாயம் அனுப்பலாம். அடுத்த சுற்றில் முதல் நாளைச் சுருக்கி, கல்லறைக் கேள்விக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள் என்று நடத்துகிறவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.