ஃபோர்டு 2.3 எஞ்சினில் அட்ஜஸ்டபிள் கேம் புல்லி: சில சீசன்கள் ஓடிய பிறகு

அமெரிக்காவின் கால் மைல் ஓவல் தடங்களில் மினி ஸ்டாக் என்ற சிறிய கார்ப் பந்தய வகுப்பு என்றால், பழைய ஃபோர்டு 2.3 லிட்டர் எஞ்சின் இல்லாமல் பேச்சே கிடையாது. ஒஹாயோ மாநிலத்து லீமா ஆலையிலிருந்து 1974 மாடல் பின்டோவுக்கும் முஸ்டாங் 2-க்கும் வந்தது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் ஒரே கேம் ஷாஃப்ட், அதைக் கீழேயுள்ள கிராங்க் ஷாஃப்டிலிருந்து ஓட்ட ரப்பர் பெல்ட். பெல்ட்டை அசைக்காமல் கேமை மட்டும் சில டிகிரி முன்பின் திருப்பி இறுக்க விடுவது அட்ஜஸ்டபிள் கேம் புல்லி. இந்த எஞ்சினுக்கு அதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர், மாட்டியதுமே வண்டி பறக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். பறக்காது. ஆனால் ஹெட்டை மட்டம் வெட்டிய எஞ்சினில் இது இல்லாமல் கேமைச் சரியான இடத்தில் நிறுத்துவது பெரும்பாடு.

காரணம் எளிது. ஹெட்டையோ பிளாக்கையோ வெட்டினால் கேம் கிராங்குக்கு நெருக்கமாக இறங்குகிறது. பெல்ட்டின் நீளம் மாறாது. கிராங்க் இழுக்கும் பக்கத்தில் மிஞ்சும் நீளத்தை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்போது கேம் பின்தங்கிவிடும், அதாவது ரிடார்ட் ஆகும். எவ்வளவு என்று தோராயமாகக் கணக்கிட, வெட்டிய அளவைக் கேம் புல்லியில் பெல்ட் படியும் ஆரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்குங்கள், அது கேம் டிகிரி. இரட்டித்தால் கிராங்க் டிகிரி. ஆரம் 55 மி.மீ., வெட்டியது 0.75 மி.மீ. என்றால் கிராங்கில் சுமார் ஒன்றரை டிகிரி போயிற்று. பெல்ட்டை ஒரு பல் தள்ளிப் போட்டு இதைச் சரிக்கட்ட முடியாது. 720-ஐக் கேம் புல்லியின் பல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஒரு பல்லுக்கு எத்தனை கிராங்க் டிகிரி தாவும் என்று தெரியும்.

புல்லியில் பொறித்திருக்கும் கோடுகளை நம்பி வேலை செய்யக் கூடாது. சில புல்லிகளில் அது கேம் டிகிரி, சிலவற்றில் கிராங்க் டிகிரி. 2 என்று நினைத்துத் திருப்பியது 4 ஆகிவிடும். கிராங்கில் மாட்டும் டிகிரி வீலும் (கோணத் தகடு), வால்வின் அசைவை அளக்கும் டயல் கேஜும்தான் சாட்சி.

முதலில் உண்மையான டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். கிராங்க் முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரமான டாம்பரின் வெளி வளையம் ரப்பரில் ஒட்டியிருப்பது. பழையதாகிவிட்டால் நழுவும், அதிலுள்ள குறியும் கூடவே போகும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, ஸ்பானரால் மெதுவாக இரு பக்கமும் முட்டும்வரை திருப்புங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம். ஒரு பக்கம் 38, மறுபக்கம் 44 என்று வந்தால் வீலை 3 டிகிரி நகர்த்தி இரண்டையும் 41 ஆக்க வேண்டும். பின்னோக்கித் திருப்புவது இந்த ஒரு வேலைக்கு மட்டும். கேம் அளக்கும்போது எப்போதும் முன்னோக்கியே. தாண்டிப் போய்விட்டால் இன்னொரு முழுச் சுற்று வாருங்கள். பின்னால் இழுத்தால் பெல்ட்டின் தொய்வு கணக்கில் ஏறிவிடும்.

வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் உள்ள ஹெட்டில், அளக்கும் வால்வுக்கு மட்டும் அமுங்காத அட்ஜஸ்டரும் மெல்லிய ஸ்பிரிங்கும் போடுங்கள். இல்லாவிட்டால் அட்ஜஸ்டர் அமுங்கி ஒவ்வொரு முறையும் ஒரு எண் வரும். டயல் கேஜை இன்டேக் வால்வின் ரிடெய்னரில் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் மேல் தட்டு), வால்வு தண்டுக்கு இணையாக வையுங்கள். வால்வு முழுக்கத் திறந்த இடத்தில், அதாவது முழு லிஃப்ட்டில் பூஜ்யம். அதற்கு முன் 1.27 மி.மீ. குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு அளவு, தாண்டிய பின் அதே 1.27-இல் இன்னொன்று. டி.டி.சி.க்குப் பின் 74, 142 என்று வந்தால் இரண்டுக்கும் நடு, அதாவது சென்டர்லைன், 108. கேமுடன் வரும் அளவு அட்டையான கேம் கார்டில் 106 என்றிருந்தால் கேம் 2 டிகிரி ரிடார்ட். இங்கே ஒரு நுணுக்கம். லீமா என்றே அழைக்கப்படும் இந்த எஞ்சினில், கேமின் முட்டை வடிவ மேடான லோப், வால்வை அழுத்தும் விரல் போன்ற ஃபாலோயரின் மேல் ஓடுகிறது. திறக்கும் பக்கமும் மூடும் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ரிடெய்னரில் அளப்பதும் லோபிலேயே அளப்பதும் ஒத்துப்போகாமல் போகலாம். கார்டு எந்த இடத்து அளவைச் சொல்கிறது என்று பார்த்து, எப்போதும் அதே இடத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும்.

சரி, எங்கே நிறுத்துவது? குட்டி ஓவலில் வளைவின் நடுவே ஆர்பிஎம் விழுந்து, நேர்பாதையில் மறுபடி ஏறுகிறது. வளைவிலிருந்து வெளியேறும் இழுவைதான் லாப் நேரத்தைத் தீர்மானிக்கிறது. கேமை அட்வான்ஸ் செய்தால், அதாவது முன்னே நகர்த்தினால், இன்டேக் வால்வு சீக்கிரம் மூடி, குறைந்த ஆர்பிஎம்மில் உறிஞ்சிய கலவை திரும்ப வெளியேறாமல் நிற்கும். சின்ன டூ பேரல் கார்புரேட்டர் கட்டாயமான வகுப்புகளில் மேல்பக்கம் எப்படியும் மூச்சு முட்டும், அங்கே இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆகவே கார்டு அளவிலிருந்து 2 கிராங்க் டிகிரி அட்வான்ஸ் நல்ல தொடக்கம். 4 வரை போகலாம். அதற்கு மேலும் தேவைப்படுகிறது என்றால், கேம் தேர்வோ பின் ஆக்ஸில் கியரோ தவறு என்று அர்த்தம். ஒரே கேம் என்பதால் எக்ஸாஸ்டும் சேர்ந்தே முன்னால் வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அரை மைல் தடத்துக்கு அதே வண்டியைக் கொண்டுபோனால் 2 டிகிரி பின்வாங்கிப் பார்க்கலாம்.

அட்வான்ஸ் செய்யச் செய்ய இன்டேக் வால்வு பிஸ்டனை நெருங்கும். ஸ்டாக் லீமாவில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிழைத்துவிடும். உயர லிஃப்ட் கேமும் வெட்டிய ஹெட்டும் சேர்ந்தால் அந்த உத்தரவாதம் இல்லை. பிஸ்டன் தலையில் களிமண் வைத்துச் சுற்றிப் பாருங்கள்: இன்டேக்கில் 2 மி.மீ., எக்ஸாஸ்டில் 2.5 மி.மீ. குறைந்தபட்சம். டி.டி.சி.க்கு 10 டிகிரி பக்கத்தில்தான் நெருக்கம் அதிகம்: இன்டேக்குக்குப் பின்னால், எக்ஸாஸ்டுக்கு முன்னால்.

இந்த எஞ்சினில் ஒரு சௌகரியம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டுவது கேம் அல்ல, அதே பெல்ட்டில் சுற்றும் தனி துணை ஷாஃப்ட். கேம் புல்லியைத் திருப்பினால் இக்னிஷன் நகராது. பெல்ட்டைக் கழற்றி மாட்டினால் மட்டும் துணை ஷாஃப்ட் நழுவியிருக்கிறதா என்று ரோட்டரைப் பாருங்கள். கேமை நகர்த்திய பிறகு இக்னிஷனையும் ஒரு டிகிரி முன்பின் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நாள்பட ஓட்டும்போது தொல்லை தருவது புல்லியின் போல்ட்டுகள்தான். நீள்துளையில் இறுக்கிய போல்ட் தளர்ந்தால் கேம் ரிடார்ட் பக்கம் நழுவும். வண்டி நிற்காது, வளைவில் சோம்பும். ஓட்டுநர் கார்புரேட்டரைக் குறை சொல்வார். எண்ணெய் துடைத்து, திரெட் லாக் இட்டு, டார்க் ரெஞ்சில் இறுக்கி, போல்ட்டுக்கும் புல்லிக்கும் குறுக்கே பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். புது பெல்ட் முதல் சில ஓட்டங்களில் படிந்து தளரும். டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி, எஞ்சினை முன்னோக்கி இரண்டு சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிய பிறகே சென்டர்லைனை அளக்க வேண்டும். அந்த அளவு மாறாமல் லிஃப்ட் மட்டும் குறைந்திருந்தால் புல்லியில் குற்றமில்லை. லோபும் ஃபாலோயரும் தேய்கின்றன. துத்தநாகம் குறைந்த எண்ணெயில் இந்த எஞ்சினுக்கு அது சகஜம்.

எல்லாப் பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து, நல்ல பேட்டரியில் கம்ப்ரஷன் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவாக அழுத்தம் இறங்கியிருந்தால், ஹெட்டைக் கழற்றும் முன் அந்தப் பெயின்ட் கோட்டைப் பாருங்கள்.