14,800 ரூபா போச்சு: எடை குறைக்கற ஆபரேஷன் பண்ணினவங்க கொஞ்சம் படிங்க

கோவத்துல எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. ஆன்லைன்ல எனக்குப் புரதப் பவுடர் வித்தவங்க முந்தாநாள் ராத்திரி என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. 14,800 ரூபா. பணம் போடறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசில விவரமா சொல்றேன், மொதல்ல நடந்ததைக் கேளுங்க.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனில எடை மேடைல பில் போடறவ நான். லாரியை எடை போடறவளே 112 கிலோன்னு கிண்டல் பண்ணுவாங்க. சுகர் வேற. பிப்ரவரில வயித்துல பைபாஸ் பண்ணிக்கிட்டேன். (பைபாஸ்னதும் எல்லாரும் நெஞ்சைக் காட்டறாங்க. ஹார்ட் இல்லீங்க. இரைப்பைல கோழிமுட்டை அளவுக்கு ஒரு பை மட்டும் பிரிச்சு, சிறுகுடலைக் கொண்டாந்து அதுல சேர்த்துடுவாங்க.) ஆபரேஷன்ல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தினம் 60 கிராமாவது புரதம், இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் ஆயுசுக்கும் விடக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்துதான் அனுப்பினாங்க.

மார்ச் கடைசில வேலைக்குத் திரும்பினேன். மேடைக்கும் ஆபீசுக்கும் நடுவுல 12 படி. ரெண்டு தடவை ஏறி இறங்கினா காலு ரெண்டும் ஈரத்துணி. மதியம் மூணு மணிக்கு மேல வண்டி நம்பரைப் பார்த்துட்டு பில்லுக்குத் திரும்பறதுக்குள்ள மறந்து போயிடும். மாமியார், "ஒரு உருண்டை களி முழுங்கினா தெம்பு தன்னால வரும்"னு ஒரே பாட்டு. கால் உருண்டைக்கே நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி நிக்குதுன்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறது? சீசன் வந்தா பெங்களூரா மாங்கா லோடு ராத்திரி பகல் பார்க்காம நிக்கும். அதுக்குள்ள நிமிர்ந்துடணும்னு ஒரு அவசரம். அதுலதான் மாட்டினேன்.

போன்ல ஒரு விளம்பரம். "எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் அசதியா? 30 நாள்ல பழைய சுறுசுறுப்பு." பேர் சொல்ல மாட்டேன். பவுடர் விக்கற ஆன்லைன் பேஜ் எத்தனையோ இருக்கு, அதுல ஒண்ணு. மெசேஜ் போட்ட அஞ்சு நிமிஷத்துல கோச்சுன்னு ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. பணத்தைப் பத்தி வாயே திறக்கல. "அக்கா, காலைல எந்திரிக்கும்போதே அழுகை வருதா?"ன்னுச்சு.

வந்துச்சுங்க. தினமும் வந்துச்சு. வூட்டுக்காரர்கிட்ட கூட சொல்லல. "உன்னை யாரு வயித்தைக் கிழிச்சுக்கச் சொன்னது"ன்னு ஒரு வார்த்தை வந்துடுமோன்னு பயம். பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு 40 நிமிஷம் அந்தப் பொண்ணுகிட்ட பேசினேன். தனக்கும் இதே ஆபரேஷன்தான், இப்ப ரெண்டு ஷிப்ட் பார்க்கறேன்னுச்சு. வயித்துல தழும்பு எத்தனைன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். எனக்கு அஞ்சு இருக்கு. கேக்கத் தோணல.

மூணு மாச பேக்கேஜ், 18,000. இன்னிக்கே போட்டா 14,800. நகைச்சீட்டு கட்ட எடுத்து வெச்சிருந்த பணம். போட்டுட்டேன்.

டப்பா வந்துச்சு. பின்னாடி லேபிள் மேல இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, அப்பவும் உறைக்கல. வாயில வெச்சா இனிப்பு, கல்யாணப் பாயசம் தோத்துப் போகும். "ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திடுங்கக்கா, எங்க கேப்சூல்லயே எல்லாம் இருக்கு, ரெண்டும் சேர்ந்தா ஓவர்டோஸ் ஆயிடும்"னுச்சு. நிறுத்தினேன். ஆறு வாரம். இதை எழுதும்போதே என்னை நானே நாலு அறை விடணும் போல இருக்கு.

பவுடர் குடிச்ச கால்மணி நேரத்துல படபடப்பு, கழுத்தெல்லாம் வேர்வை. கேட்டா "உடம்பு ஏத்துக்குதுக்கா, நல்ல அறிகுறி." சீசன் ஆரம்பிச்சு நாலாவது நாள், அதைக் குடிச்சுட்டு உக்கார்ந்திருந்தேன். போச்சம்பள்ளி லோடு ஒண்ணு மேடைல நிக்குது. வண்டி நின்னா ஸ்கிரீன்ல எண்ணு ஒரு இடத்துல நிக்கணும். நிக்கல, ஆடிட்டே இருக்கு. "அண்ணே, வண்டியை ஆஃப் பண்ணுங்க"ன்னு கத்தறேன். "ஆஃப்லதாம்மா இருக்கு"ங்கறாரு. அடுத்து எனக்கு நினைவு வந்தப்ப தரைல கிடக்கறேன், அவரு தண்ணி தெளிச்சிட்டு இருக்காரு.

ஆஸ்பத்திரில டயட்டீஷியன் மேடம் அந்த ஸ்டிக்கரை நகத்தால சுரண்டினாங்க. ஒரு ஸ்கூப் 30 கிராம். அதுல புரதம் 4 கிராம். மீதில பெரும்பங்கு சர்க்கரையும் மால்டோடெக்ஸ்ட்ரினும் (அதுவும் சர்க்கரை மாதிரி சட்டுனு ரத்தத்துல ஏறற ஒரு மாவுதான்). இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் இனிப்புத் தண்ணி இரைப்பைல தங்காம மடமடன்னு குடலுக்கு இறங்கிடும், அங்க உடம்புல இருக்கற தண்ணியை இழுக்கும், படபடப்பு அதனாலதான், "டம்பிங்"னு பேருன்னாங்க. ஹீமோகுளோபின் 8.7. இரும்பை அதிகமா உறிஞ்சற குடல் பகுதியைச் சாப்பாடு தொடாமலே தாண்டிப் போயிடுது, அதுக்காகத்தானே மாத்திரை கொடுத்தோம்னு கேட்டாங்க. திட்டியிருந்தா தேவலை, திட்டவும் இல்ல. நரம்புல இரும்பு ஏத்திட்டு வந்தேன்.

இனிமேதான் கூத்து. கோச்சுக்குப் போன் பண்ணினேன். "அக்கா, நீங்க தண்ணி கம்மியா கலந்திருப்பீங்க." மறுநாள், "நான் கோச்சு மட்டும்தான், ரீஃபண்ட் டீம் வேற." அந்த நம்பர் எடுத்தவரு, டப்பா திறந்திருந்தா பணம் வராதும்மான்னாரு. திறக்காம எப்படிய்யா குடிக்கறது? ரெண்டு டப்பா சீல் கூட உடைக்கல, போட்டோ அனுப்பினேன். "மேலிடத்துல பேசறோம்." ஒரு வாரம். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கேட்டாங்க, அதையும் அனுப்பினேன். "இது எங்க பொருளாலதான்னு டாக்டர் எழுதித் தரணும்." அப்புறம் 14,800-க்குப் பதிலா 2,000 ரூபா கூப்பன் தர்றாங்களாம், அதே பவுடரை வாங்கிக்க! நான் கத்தினேன். அந்தப் பொண்ணு அதே இதமான குரல்ல, "அக்கா, உங்களுக்கு ஸ்ட்ரெஸ் அதிகமா இருக்கு, அதுக்கும் நம்மகிட்ட ஒரு பேக்கேஜ் இருக்கு"ன்னுச்சு. பாத்ரூம்ல நான் அழுததெல்லாம் அவங்களுக்கு விக்கறதுக்கு ஒரு சரக்கு. அதோட பிளாக்.

விவரமா சொல்றேன்னேன், முடியல, ஷிப்டுக்கு நேரமாச்சு. டப்பாவுல எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ்) 14 இலக்க நம்பர் இல்லாம, இல்ல ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கரா இருந்தா தொடாதீங்க. 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவுன்னு படிங்க. ஆஸ்பத்திரி மாத்திரையை யாரு சொன்னாலும் நிறுத்தாதீங்க. இரும்பையும் கால்சியத்தையும் மட்டும் ரெண்டு மணி நேரம் தள்ளித் தள்ளிப் போடுங்க. அசதின்னா மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. ஏமாந்துட்டீங்கன்னா உடனே ஆன்லைன் பண மோசடிப் புகார் நம்பர் 1930-க்குக் கூப்பிடுங்க, நான் பண்ணின மாதிரி ரீஃபண்ட் டீம் பின்னாடி மூணு வாரம் அலையாதீங்க. நுகர்வோர் புகாருக்கு 1915. மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நான் திங்கட்கிழமை போறேன். டப்பாவைக் கோவத்துல குப்பைல போட்டுடாதீங்க, ஒரு டப்பாவை நான் போட்டுத் தொலைச்சுட்டேன்.