அம்பாசிடர் டெயில் லைட்: பொள்ளாச்சி பல்லடம் ரோட்டில் போர்டு இல்லாத ஒரு கடை

எங்க அப்பாரு 1977-ல வாங்கின மார்க் 3 அம்பாசிடர். அவர் போன பொறவு ஒன்பது வருஷம் தோட்டத்துச் சாளையிலயே நின்னுது. போன வருஷம் டிங்கரிங் பண்ணி, பழைய பெயிண்ட்டை அடியோட சுரண்டி, புதுசா க்ரீம் கலர் அடிச்சு ரோட்டுக்குக் கொண்டு வந்தோம். முதல் வாரமே ஒரு சாயங்காலம் ஆழியாறு ரோட்டுல பின்னாடி பைக்கில வந்த சித்தப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மணி, நீ பிரேக் மிதிச்சா இடது பக்கம் லைட்டு மங்கிப் போகுது."

மிதிச்சா பளிச்சுனு எரிய வேண்டிய லைட்டு. ராத்திரியில தேங்காய் லோடு லாரி பின்னாடி வர்ற ரோடு அது. நான் பயந்துட்டேன்.

முதல்ல போன இடத்துல ரெண்டு பல்பும் மாத்தினாங்க, பிரேக் ஸ்விட்ச் மாத்தினாங்க, இண்டிகேட்டர் பிளாஷரும் மாத்தினாங்க. 2,300 ரூபாய் ஆச்சு, லைட்டு அப்படியேதான் இருந்துச்சு. அடுத்த இடத்துல, "பழைய வண்டிங்க, வயரிங் முழுசும் உருவிப் போட்டுப் புதுசா இழுக்கணும்"னு 14,000 சொன்னாங்க. எங்க தோப்புல லோடு ஏத்துற டிரைவர் அண்ணன்தான் இந்தக் கடையைச் சொன்னார். பல்லடம் ரோட்டுல லாரிப் பட்டறைங்க வரிசையா இருக்கிற பக்கம், வேப்பமரத்தடியில ஒரு தகர ஷெட். போர்டு கிடையாது. லாரிக்காரங்களைக் கேட்டா கை காட்டுவாங்க.

கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். பல்பைக் கழட்டுவார்னு நினைச்சேன். அவர் என்னை உள்ள உக்காரச் சொல்லி, "பார்க் லைட்டு போட்டுட்டு பிரேக்கை மிதிச்சுப் பிடிங்க அம்மணி"ன்னு சொல்லிட்டு வண்டிக்கு முன்னாடி போய் நின்னார். பின் லைட்டுக்கு எதுக்கு முன்னாடி போறார்னு எனக்குப் புரியல. கூப்பிட்டுக் காட்டினார். பையனை மிதிக்க வெச்சு நான் போய்ப் பார்த்தேன். பிரேக் மிதிக்கிறப்போ முன்பக்கம் இடது இண்டிகேட்டருக்குள்ள இழை மட்டும் கங்கு மாதிரி லேசாச் சிவந்துது. விட்டா அணைஞ்சுது. நாலு மாசம் அந்த வண்டியை ஓட்டியும் நான் அதைப் பார்த்ததில்லை.

"எர்த் இல்லீங்க அம்மணி. பி.ஏ.பி. பாசன வாய்க்கால்ல கடைசி மடையை அடைச்சா தண்ணி என்ன பண்ணும்? கரை எங்க தணிவோ அங்க ஏறிப் பக்கத்துக் காட்டுல பாயுமல்லங்க. அதேதான்."

அந்த லைட்டுக்குள்ள ரெண்டு பல்பு. ஒண்ணுல ரெண்டு இழை: டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இன்னொண்ணு இண்டிகேட்டர், 21 வாட். மூணு இழைக்கும் ஒரே எர்த், லைட்டோட தகரக் கூடுதான். கூடு பாடியில ஒட்டி நிக்கிறதால கரண்ட் பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புது. நாங்க ஆசையா அடிச்ச புது பெயிண்ட் கூட்டுக்கும் பாடிக்கும் நடுவுல கெட்டியாப் படிஞ்சுடுச்சு. டெயில் மட்டும் போட்டா, அந்தச் சின்ன இழைக்கு வேண்டிய கரண்ட் பக்கத்து இழைங்க வழியாச் சுத்திப் போய்த் தப்பிச்சுக்கும், நல்லாத்தான் எரியும். பிரேக் மிதிச்சா 21 வாட் கரண்ட்டுக்கு அந்த வழி பத்தாது. பின் இண்டிகேட்டர் பல்புக்குள்ள நுழைஞ்சு, பச்சையில சிவப்புக் கோடு போட்ட வயர் வழியா முன் இண்டிகேட்டர் வரைக்கும் ஓடி அங்க எர்த் தேடும்.

வாயால சொன்னதோட விடல. பேட்டரி மைனஸ்ல ஒரு நீள வயரை மாட்டி, டிக்கி வரைக்கும் இழுத்துட்டு வந்து, மல்டிமீட்டரோட ஒரு முனையை அதுல, இன்னொண்ணை லைட்டுக் கூட்டுல வெச்சார். பிரேக் மிதிச்சப்போ 8 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. சுத்தமான எர்த்தா இருந்தா பூஜ்யத்தை ஒட்டி நிக்கணும். அப்புறம் அதே வயரைக் கூட்டுலயே தொட்டார். இடது பக்கம் பளீர்னு எரிஞ்சுது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

டிக்கிக்குள்ள போல்ட் உக்கார்ற இடத்துல மட்டும், அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேச்சார். வெளிப் பெயிண்ட்டுல ஒரு கீறல் இல்லை. கூட்டுல இருந்து கருப்பு வயர் ஒண்ணு தனியா எடுத்து, முனையில லக் (போல்ட்டுல மாட்டுற வளையம்) அடிச்சு, ஈயம் வெச்சு, பல்லு வாஷர் போட்டு முறுக்கி, மேல வாசலின் தடவினார். நல்லா இருந்த வலது பக்கத்துக்கும் அதே மாதிரி பண்ணினார். "இதுவும் பெயிண்ட் மேலதான் நிக்குது, மழைக்காலம் வரட்டும்"னார். திரும்ப மீட்டர் வெச்சா 0.04. டிக்கி ஓட்டையில ரப்பர் வாஷர் இல்லாம சிவப்பு வயர் தகரத்துல உரசிட்டிருந்ததையும் அவரேதான் பார்த்தார், ஒண்ணு போட்டுவிட்டார். அது இன்னும் ஆறு மாசம் போயிருந்தா ஷார்ட்டாகியிருக்கும்.

கூலி 450, சாமான் 120. பில் கிடையாது, ஜிபே உண்டு.

குறையும் சொல்லணும். போன் எடுக்க மாட்டார். உக்கார ஒரு டயர்தான், பொம்பளைங்க பாத்ரூம் போகணும்னா எதிர்ல இருக்கிற பேக்கரிக்குத்தான் போகணும். செவ்வாயும் வியாழனும் மாட்டுச்சந்தை. அன்னிக்குப் போனா லோடு வண்டிங்களுக்கு நடுவுல நாள் முழுக்க நிக்கணும். புதன் காலையில ஒன்பது மணிக்கு முன்னாடி போங்க. சார்ஜ் இருக்கிற பேட்டரியோட போங்க, மங்கின பேட்டரியில அவர் மீட்டரே எடுக்க மாட்டார்.

புதுசா பெயிண்ட் அடிச்ச பியட், அம்பாசிடர், ஹெரால்டு எது வெச்சிருந்தாலும், வயரிங் முழுசும் உருவுறதுக்கு முன்னாடி ஒருதடவை இவர்கிட்ட காட்டுங்க. எங்க வண்டியில நம்பர் பிளேட் லைட்டு இன்னும் பாக்கி இருக்கு. வர்ற புதன்கிழமை போறோம், சித்தப்பாவும் பைக்கில பின்னாடியே வர்றேன்னு சொல்லியிருக்கார்.